நம்ம புள்ள கடை

இசைவாணியின் கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. குறுவை அறுப்பு நேரத்து மழைக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பேரே கிடையாது. நடவுக்குக் கூப்பிட்டால் வராது, அறுப்புக்குக் கூப்பிடாமலே வந்து நிற்கும். காலையிலிருந்து கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. ஒருமுறை வந்தபோது கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். அடுப்படியில் ரசத்துக்கு வயல் நண்டை இடித்துக்கொண்டிருந்த அவள் அம்மா ராமாயி, "எவன்டி அது வூட்டுக்குள்ள வெடி போடறவன்?" என்று குழவிக்கல்லும் கையுமாக ஓடிவந்தாள்.

வெடி இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்கிற பெட்டி. சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, கம்ப்யூட்டரில் எந்தெந்த உறுப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது மடை. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வயலுக்கு வேண்டியதை மட்டும் விட வேண்டும். மடை கெட்டால் பயிர் கெடும்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றங்கரையில் பனையக்குடி. அதில் கீழத்தெரு. இசைவாணியின் அப்பா செல்லதுரை. அவருடைய அப்பா காலம் வரைக்கும் ஊரார் வயலில் வேலை செய்த குடும்பம். செல்லதுரைக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மகள் இசைவாணி சிவில் இன்ஜினியரிங் படித்தவள். படித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு டைப் அடித்தாள். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. ஹாஸ்டலில் கட்டிலுக்கு மேல் கட்டில், மூட்டைப்பூச்சி, விடியற்காலை பாத்ரூமுக்கு வரிசை. திருப்பூர் பஸ்ஸைப் பார்த்தாலே இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஊருக்குத் திரும்பி வந்தவள் கையிலிருந்ததைப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தாள். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் பண்ணிக் கொடுக்கிற வேலை. எலிவேஷன் என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து பணம் வருகிற வீடுகளுக்கு முகப்பில் நாலு தூணும் ஒரு யானையும் கேட்பார்கள். யானை வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதில்தான் பாதி நாள் போகும். இப்போது திருச்சியில் வானதி என்கிற ஒரு பொறியாளர் அம்மா, புதிதாகப் போடுகிற நகரின் வீடுகள் மொத்தத்துக்கும் படம் கேட்டிருந்தார். பூமிபூஜைக்குள் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மாதச் சம்பளத்துக்கே எடுத்துக்கொள்கிறேன், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் பனையக்குடி, கிடைக்காவிட்டால் திருப்பூர். இசைவாணிக்கு அதுதான் கணக்கு.

செல்லதுரை கொள்முதல் நிலையத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். அவருடைய நெல் ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் முறைக்குக் காத்துக் கிடந்தது. ஈரப்பதம் பார்க்கிற மிஷின் இன்றைக்கும் தலையாட்டவில்லை.

"என்னாயி, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றார். மகளை ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சுப்பா. மத்ததெல்லாம் பொழச்சிருக்கும்னு நெனக்கிறேன். நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டணும். மட்டமா வாங்குனா அது போறப்ப எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"நல்லதுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது?"

இசைவாணி போனை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை வாட், காற்றாடி எவ்வளவு பெரியது, உள்ளே போன காற்று வெளியே வர வழி இருக்கிறதா, வாரண்டி எத்தனை வருஷம் என்றெல்லாம் காலையிலிருந்து அதில்தான் படித்துக்கொண்டிருந்தாள். "இதுல வெண்கலம், வெள்ளி, தங்கம்னு தரம் போட்டிருப்பாங்கப்பா. கோல்டு வாங்குனா நல்லது."

"கம்ப்யூட்டருக்குத் தங்கமா?" என்று ராமாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங் காதுல கெடக்கறதே கவரிங்குடி."

"தங்கம் இல்லம்மா, தரத்துக்குப் பேரு. கரண்ட வீணாக்காது, சூடு கம்மியா இருக்கும்."

"எதுக்கும் ஹால்மார்க் இருக்கான்னு பாத்து வாங்கு," என்றார் செல்லதுரை. அவள் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"திருச்சியில இருக்குப்பா. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வந்துடுவேன்."

ராமாயி கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். "திருச்சிக்கா? நீடாமங்கலத்துல ஒன் தாய்மாமன் கடையத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். அவன் இவகிட்ட வந்து வாங்கிக்கன்னு கெஞ்சணுமா? நான் நாளைக்கு அவன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

"அங்க கோல்டு இருக்குமான்னு தெரியலம்மா."

"இல்லாட்டி வரவழச்சித் தருவான். எங் கைச்சோறு தின்னு வளந்தவன்டி அவன்."

நெடுமாறன் ராமாயியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை. ராமாயி தாவணி போட்ட வயதில் அவனை வரப்பில் உட்கார வைத்துவிட்டு நாற்றுப் பறித்தவள். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு நீடாமங்கலம் கடைத்தெருவில் கடை போட்டான். கீழத்தெருக்காரர்கள் வாசலில் நின்று சாமான் வாங்கிப் போன தெரு அது. அதில் நம்ம புள்ள ஒருவன் கல்லாவில் உட்காருகிறான் என்றால் சும்மாவா? திறப்புக்குத் தெருவே வேன் பிடித்துப் போனது. கிழவிகள்கூடப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு சார்ஜர் வாங்கி வந்தார்கள். அதில் சிலரிடம் போனே கிடையாது. அன்றிலிருந்து கீழத்தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகையில் இருக்கிற பெயர் இல்லை. நம்ம புள்ள கடை, அவ்வளவுதான். அவனும் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் தெருப் படிப்பகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டு, சாயங்காலம் பிள்ளைகள் பழகட்டும் என்றான். சுவரில் அவன் பெயரை நீல எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செல்லதுரை துவட்டிய தலையையே துண்டால் மறுபடி துவட்டினார். "சரி, மாமன் கடைக்கே போவோம்," என்றார். "ஆனா நானும் வாறேன்."

"நெல்லு?" என்றாள் ராமாயி.

"தார்ப்பாய் போட்டுத்தான கெடக்கு."

நெல் ரோட்டில் கிடக்கும்போது செல்லதுரை கல்யாணத்துக்குக்கூட வரமாட்டார். மகள்மேல் அவ்வளவு அக்கறை என்று ராமாயி நினைத்துக்கொண்டாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவனுக்கு இந்த உலகத்தில் வேறு எதற்கும் கோபம் வராது. சரக்கு ரயில் ஒன்று போய், அதன் பின்னால் எஞ்சின் மட்டும் தனியாகப் போய், அதற்கப்புறமும் கேட் திறக்காமல் கிடந்தது. அப்பாவும் மகளும் வண்டியில் உட்கார்ந்தபடியே தூற்றலில் நனைந்தார்கள்.

"மச்சான்! வாங்க வாங்க. வா வாணி," என்று நெடுமாறன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். எதிர்க்கடையைப் பார்த்து மூன்று டீக்குக் குரல் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தான்.

முதலாவது சாம்பல் நிறம், சாதாரணம். இரண்டாவதைச் சொருகிக் காட்டினான். காற்றாடிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. ஒயர்களுக்கெல்லாம் வலைத்துணி உறை.

"இது எதுக்குடா மாப்ள? முனியன் கோயிலுக்குப் போட்ட சீரியல் லைட்டாட்டம்," என்றார் செல்லதுரை.

"இப்ப புள்ளைங்கள்லாம் இதத்தான் கேக்குதுங்க மச்சான். டிசைன் இல்லன்னா தொடமாட்டேங்கறானுவ."

"எனக்கு வெளிச்சம் வேணாம் மாமா," என்றாள் இசைவாணி. "காத்துதான் வேணும். பொட்டி வச்சிருக்கற ரூமுலதான் நெல்மூட்டையும் அடுக்குறோம். ஃபேன் கீழ பாத்தா நெல்லுத் தூசி, சுணையெல்லாம் உள்ள இழுக்கும். மேல பாத்தா படம் போடற கார்டோட சூட்டத் திரும்ப இழுக்கும்."

"கீழ பாத்தே மாட்டு. ஒரு ஸ்டூல்மேல தூக்கி வச்சி, அடியில கொசுவலத் துண்டு ஒட்டிக்க. சூப்பரா ஓடும்." மூன்றாவது பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். "ஒனக்கு இதுதான் சரி. ஃபேன் பெருசு, சத்தம் கெடையாது. கோல்டு போட்டிருக்கு பாரு."

கறுப்புப் பெட்டி. மேலே மஞ்சள் ஸ்டிக்கர். இசைவாணி போனில் அந்தப் பெயரைத் தேடினாள். வரவில்லை.

"புதுக் கம்பெனி வாணி. இன்னும் நெட்டுல முழுசா வரல. பேருக்குக் காசு புடுங்கமாட்டான், சரக்குல போடுவான்."

செல்லதுரை முதல் பெட்டியைக் கையில் எடுத்தார். வைத்தார். விளக்குப் பெட்டியை எடுத்தார். வைத்தார். மூன்றாவதைத் தூக்கியதும் புருவம் உயர்ந்தது. மறுபடி ஒருமுறை முதலாவதை இடதுகையிலும் இதை வலதுகையிலும் வைத்துப் பார்த்தார். நெல் வாங்க வருகிற வியாபாரிகள்கூட செல்லதுரை கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு பிடி அள்ளினால் பால் பிடித்த மணியா, பாதி பதரா என்று சொல்லிவிடுவார். பதர் பார்வைக்குப் பவுனாக இருக்கும், கையில் இருக்காது என்பார்.

"இது மணி," என்றார்.

"நெட்லயும் அப்புடித்தாம்ப்பா போட்டிருக்கான்," என்றாள் இசைவாணி. "கனமா இருந்தா உள்ள காப்பரு, சூட்ட இழுக்கற தகடு எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கான்னு அர்த்தம்." அப்பாவும் இணையமும் ஒரே வார்த்தையைச் சொன்னதில் அவளுக்குச் சந்தேகம் பாதி போய்விட்டது.

செல்லதுரை பெட்டியை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மச்சினனைப் பார்த்தார். "மாப்ள, நல்ல சரக்குதான? புள்ள பொழப்பே இதுலதான் இருக்கு."

"என்ன மச்சான் நீங்க? யாருக்குக் குடுக்கறேன், வாணிக்கு. அக்கா தலமேல சத்தியமா ஒண்ணும் ஆவாது."

டீ வந்தது. குடித்தார்கள். அவன் கொடுத்த காராபூந்திப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவன் செய்த சத்தியத்தை ராமாயியிடம் சொன்னார்கள்.

அன்று மாலையே மாட்டிவிட்டாள். ஸ்டூல், கொசுவலைத் துண்டு எல்லாம் சொன்னபடி. காற்றாடி சுற்றியது. பெட்டியின் பின்பக்கம் செல்லதுரை ஒரு சிட்டிகை உமியைப் பிடித்துப் பார்த்தார். பறந்தது, ஆனால் முழங்கை தூரம்கூடப் போகவில்லை. "மெதுவாத்தான் சுத்துது, சூடேறுனா வேகமாவும்பா," என்றாள் அவள். வானதி அம்மாவுக்கு முதல் சில வீடுகளின் படங்களை அனுப்பினாள். 'அருமை' என்று பதில் வந்தது. ராமாயி அதைத் தெருவில் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. குறைவாக இருக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம், மிச்சப் படங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் போட்டு முடிக்கட்டும் என்று ஓடவிட்டிருந்தாள். மழைவிட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கரண்டுகூட அன்றைக்கு ஒழுங்காக இருந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் பிளாஸ்டிக் எரிகிற வாடை வந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் பெட்டியின் பின்னாலிருந்து புகை சுருண்டு வந்தது. நெல்மூட்டை பற்றிக்கொள்ளாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

அவள் பயந்த மாதிரியே அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கிராபிக்ஸ் கார்டு போயிற்று. படங்கள் இருந்த டிஸ்க்கும் போயிற்று. வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோது அப்படி ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. வானதிக்குப் போன் பண்ணினாள். அந்த அம்மா கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "அய்யோ, பாவமே. பரவால்லம்மா, நாள் இல்ல, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீ சரி பண்ணிட்டு சொல்லு," என்றார். சரி பண்ணிட்டு சொல்லு என்றால் என்ன அர்த்தம் என்று வேலை தேடிப் பழகிய பெண்ணுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை வரைக்கும் எரிந்த பெட்டியைத் தொடவில்லை. உள்ளே தேங்கிய கரண்டு வடியட்டும் என்று விட்டு வைத்தாள். விடிந்ததும் வாசலில் சாக்கைப் போட்டு, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தாள். 'பிரித்தால் வாரண்டி கிடையாது' என்ற ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பாதி இடம் காலி. சின்னதாக ஒரு போர்டு, அதில் விரல் தடிமன்கூட இல்லாத கம்பிச்சுருள். மிச்ச இடத்தில், காற்று உள்ளே வந்து வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு, பிசின் போட்டு ஒட்டிய ஒரு கட்டி. கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தாள்.

"என்னடி அது?" என்றாள் ராமாயி.

"சிமெண்டு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு சிமெண்டு?"

"கனத்துக்கும்மா. தூக்கிப் பாத்து வாங்கறவங்களுக்காக."

ராமாயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபின் அவள் கேட்டது ஒன்றுதான். "என் தலமேல சத்தியம் பண்ணானா?"

இசைவாணி தலையை ஆட்டினாள். ராமாயி எழுந்து உள்ளே போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது அவளைப் பார்க்க.

செல்லதுரை கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சாக்கிலேயே வைத்தார். "வண்டிய எடுக்கறேன்," என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

கடையில் தனியார் பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நெடுமாறன் அவருக்கு மேல் அலமாரியிலிருந்து பெட்டிகளை இறக்கி, பில் போட்டு, சீல் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும், சாக்கில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆளை அவசரமாக அனுப்பினான்.

"என்ன வாணி, கழட்டிட்டியா? ஸ்டிக்கரக் கிழிச்சிட்டா அப்புறம் வாரண்டிக்கு…"

இசைவாணி சிமெண்டுக் கட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"டேய்!" என்றார் செல்லதுரை.

"மச்சான், மச்சான், மெதுவா. பக்கத்துக் கடைக்காரன் காதத் தீட்டிக்கிட்டுக் கெடப்பான்," என்றான் நெடுமாறன்.

செல்லதுரையின் குரல் உடனே இறங்கிவிட்டது. அதை இசைவாணி பார்த்தாள். எத்தனையோ வரப்புச் சண்டையில் ஊரே கேட்கக் கத்திய மனிதர், இங்கே தன் மகளுக்காக ரகசியம் பேசினார். "ஏன்டா இப்புடிப் பண்ணே?"

"எனக்கே தெரியாது மச்சான். மெட்ராசுலேருந்து வந்த சரக்கு."

"தெரியாதுன்னா இப்ப பள்ளிக்கூடத்துக்காரருக்கு ஏன் மாமா மேல் ரேக்குலேருந்து எடுத்துக் குடுத்தீங்க?" என்றாள் இசைவாணி. "எனக்கு ஏன் கீழ் ரேக்கு?"

அவன் கல்லாவைத் திறந்து மூடினான். பிறகு உட்கார்ந்துவிட்டான். "அந்த லாட்டு மொத்தமும் அப்புடி வந்துடுச்சு வாணி. அனுப்புனவன் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறான். நான் எங்கதான் கொண்டுபோய்த் தள்றது? பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தா மறுநாளே ஆளக் கூட்டிக்கிட்டு வந்துடுவான். மேலத்தெருக்காரங்களுக்குக் குடுத்தா, பாத்தியா, இவனுங்களுக்கெல்லாம் யாவாரம் வருமான்னு காறித் துப்புவான். இந்தத் தெருவுல நான் ஒருத்தன் கட போட்டிருக்கறதே எத்தன பேருக்குக் கண்ண உறுத்துது தெரியுமா?"

"அதனால?"

"நம்மாளுங்கன்னா… ஒரு வார்த்த சொன்னா புரிஞ்சிப்பாங்க. சண்டைக்கு வரமாட்டாங்க."

வெளியாட்கள் ஏமாற்றினால் திட்டிவிட்டுப் போகலாம். நம்பினவர்களாகப் பார்த்து, நம்புகிறார்கள் என்பதற்காகவே பொறுக்கியெடுத்து ஏமாற்றுகிறவனை என்னவென்று திட்டுவது?

"படிப்பகத்துல இருக்கறதும் இதே லாட்டா மாமா?"

நெடுமாறன் எழுந்து, மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தான். "இது ஒரிஜினல். எடுத்துக்க. கார்டுக்கும் நானே ஏற்பாடு பண்றேன். அங்க புள்ளைங்க என்னா, சும்மா தட்டிப் பழகுதுங்க. லோடு ஏறாது. மெதுவா மாத்திக்கலாம். இப்ப வெளிய தெரியவேணாம்."

"பச்சப்புள்ளைங்க ஒக்காந்திருக்கற எடம் மாமா."

"வாணி, நீ எங்க வூட்டுப் பொண்ணு. சொன்னாக் கேளு."

"அன்னைக்கும் ஒங்க வூட்டுப் பொண்ணாத்தான் வந்தேன்."

"வாங்கிக்க ஆயி," என்றார் செல்லதுரை, தரையைப் பார்த்தபடி. "சண்ட போட்டு என்ன ஆவப் போவுது? படிப்பகத்துல நாளைக்குப் பேசிக்கலாம்."

அவள் பெட்டியைத் தொடவில்லை. வெளியே போய் வண்டியருகில் நின்றாள். செல்லதுரை வந்து வண்டியை எடுத்தார். கேட் அன்றைக்குத் திறந்தே இருந்தது.

படிப்பகம் கீழத்தெருவின் முனையில். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பிள்ளைகள் முன்னதாகவே வந்து திரைகளுக்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துத் தெருக்காரர்களுக்குப் பட்டா, சான்றிதழ் எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த செந்தாமரை, இப்போது இங்கே வந்துதான் அந்த வேலையைப் பார்க்கிறாள். அப்படியே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

இசைவாணி வண்டி நிற்கும் முன்பே இறங்கிவிட்டாள்.

"ஆயி, நாளைக்குன்னு சொன்னன்ல," என்று செல்லதுரை பின்னால் வந்தார்.

அவள் நேராக உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பிள்ளைகள் 'ஓ' என்று கத்தின. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள்.

"என்ன வாணி பண்றே?" என்றாள் செந்தாமரை.

"இது எரியும்க்கா. உள்ள சிமெண்ட வச்சி அடச்சிருக்கு. எங்க மாமா குடுத்தது பூரா கள்ளச் சரக்கு. என்னுது நேத்து எரிஞ்சிடுச்சு. வேலையும் போச்சு."

தெருவே திடுக்கிடும் என்று எதிர்பார்த்துத்தான் உரக்கச் சொன்னாள். மாமனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஏசுவார்கள், ஏசட்டும் என்றும் நினைத்திருந்தாள். செந்தாமரை திடுக்கிடவில்லை. பிள்ளைகளை வாசலுக்குப் போகச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒனக்குமா?" என்றாள்.

"எனக்குமான்னா?"

"வூட்டுல இருந்த என் பொட்டி ஆடி மாசமே புகைஞ்சிடுச்சு. அவன் மாட்டிக் குடுத்த ரெண்டாவது வாரம். கேட்டா, கரண்டு சரியில்லன்னுட்டான். எனக்குத் தெரியாதா? ஆனா யாருகிட்ட போயி சொல்றது? நம்ம புள்ள கட. நாமளே வெளிய சொன்னா சிரிப்பானுங்க. பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டேன். இங்க போட்டிருக்கறதும் அதுதான்னு சத்தியமா தெரியாது வாணி. தெரிஞ்சா புள்ளைங்கள ஒக்கார வப்பனா?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நான் திருச்சிக்குப் போயிருப்பேனே."

செந்தாமரை அவளை வினோதமாகப் பார்த்தாள். "சொல்லாம இருப்பனா? ஒங்கப்பாருகிட்ட அப்பவே சொன்னேன். வாணி பெரிய பெரிய வேல செய்யுது, எதுவும் அங்க வாங்க வேணாம்னு சொல்லுங்கன்னேன். நான் சொல்லிக்கறேன், நீ வெளிய விடாதன்னாரு."

இசைவாணி திரும்பினாள். செல்லதுரை வாசற்படியில் நின்றிருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையும் இல்லை, மழையும் இல்லை.

"ஒங்கம்மாகிட்ட எப்புடிச் சொல்றது ஆயி?" என்றார். "அதான் கூடவே வந்தேன். ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தேன். அவன் வாயாலயும் கேட்டேன். எம்பொண்ணுக்குச் செய்யமாட்டான்னு நெனச்சேன்."

"மத்தவங்க பொண்ணுக்குச் செய்வான்னு தெரியும், இல்லப்பா?"

வாசலில் நின்ற பிள்ளைகள் செல்லதுரை உள்ளே போகட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டன. அவர் போகவில்லை.